ஏழு சட்டையும் எண்ணமுடியாத ஆக்களும்

உடுப்புத் திருத்துகிற வேலையில் ஊசி குத்துவது பெரிய விசயமில்லை, ஆரின்ர உடுப்பை ஆருக்குத் திருத்துகிறோம் என்று விளங்காமல் நிற்பதுதான் குத்தும். மற்றவர்களின் தையலைப் பிரித்துத் தைத்துப் பிழைக்கிற என் சகோதரிகளுக்கு நான் சொல்வது விளங்கும். கனடாவில், ஸ்காபரோவில் ஒரு பிளாசாவில், இடியப்பக் கடைக்கும் பல் டொக்டருக்கும் நடுவில் என் கடை. பிள்ளைகள் வளர்ந்து தங்கட தங்கட வீட்டுக்குப் போனபிறகு தொடங்கினது. அங்கே என்னை ஆகக் கூடத் தலைசுற்ற வைத்தது ஹெயிற்றி நாட்டு ஆக்களின் ஒரு கொம்பா பாண்ட், அதாவது வாத்தியக் கோஷ்டி. கொம்பா என்றால் சோடி சோடியாய் மெல்ல ஆடுகிற அவர்களின் இசை. பாண்டின் பெயரை எழுதமாட்டேன். அந்தப் பெயருக்குத்தான் பிறகு சண்டை வந்தது.

மஞ்சள் கறை

பாண்டைத் தொடங்கினவர் லூசியன், கிட்டார் வாசிக்கிறவர். கடைக்கு வருகிறவர்கள் அக்கா என்று கூப்பிடுவதைக் கேட்டு, அதுதான் என் பெயராக்கும் என்று என்னை "மிஸிஸ் அக்கா" என்பார். மெரூன் சற்றின் துணியில், பொன்நிறக் கொலர் வைத்து ஏழு சட்டை தைக்கச் சொன்னார். தைத்துக் கொடுத்த அடுத்த நாளே ஒன்றை உட்புறம் திருப்பிக்கொண்டு வந்து கீழ் மடிப்பைக் காட்டினார். மஞ்சள் கறை. ஏழிலும் இருக்குதாம்.

வைத்தது நான்தான். புது உடுப்பென்றால் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்து, ஓரத்தில் கொஞ்சம் மஞ்சள் தொட்டு வைக்காமல் நாங்கள் உடுத்துவதில்லை. பிள்ளைகளுக்குச் செய்து பழகின கை தானாய்ப் போயிருக்கிறது. இது கறை இல்லை, பிரார்த்தனை என்று தெரிந்த இங்கிலீசில் சொல்லி முடிக்க எனக்கு வேர்த்துவிட்டது. அவர் சட்டையை வெளிப்புறம் திருப்பி மடித்தார். பிறகு சொன்னதை எங்கட தமிழில் எழுதுகிறேன்: "அப்ப மேளக்காரன்ர சட்டைக்கு இன்னும் கொஞ்சம் வையுங்கோ, அவன் ஒருநாளும் நேரத்துக்கு வாறதில்லை."

மேளச் சட்டை

அந்த மேளக்காரன் பிறகு ஒரேயடியாய் மொன்றியலுக்குப் போய்விட்டான். லூசியன் அவனுடைய சட்டையைக் கொண்டுவந்து அகட்டச் சொன்னார். ஆள் கொழுத்துவிட்டாரோ என்று கேட்டேன். ஆள் வேறயாம், சட்டை அதேதானாம். லூசியன் போட்ட சட்டம் அது: சட்டை ஆளுக்கில்லை, வாத்தியத்துக்கு. மேளம் அடிப்பவன் ஆரோ அவனுக்கு மேளச் சட்டை, பாடுகிறவன் ஆரோ அவனுக்குப் பாட்டுச் சட்டை.

அதோடு எனக்கு ஆக்கள் பிடிபடாமல் போனார்கள். கீபோட் சட்டையை ஒடுக்கினேன், பிறகு அகட்டினேன். ட்றம்பெற் சட்டையின் கையைக் கட்டையாக்கினேன், பிறகு இறக்கினேன். முதலில் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கும்பிட்ட நான், போகப் போக, "பிள்ளையாரே, அந்த மேளச் சட்டைக்குள் இருக்கிற பிள்ளையைக் காப்பாற்று" என்று பொதுவாய்க் கும்பிடத் தொடங்கினேன். ஒருநாள் அளவு பார்க்க வந்த இன்னொரு புது மேளக்காரன், மெலிந்த ஆள், பழைய தையல் ஓட்டைகளைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "அன்ரி, எனக்கு முதல் இதுக்குள்ள எத்தினை பேர் இருந்திட்டுப் போயிருக்கினம்?"

ரெண்டு போன், ஒரு பாண்ட்

ஒரு பெரிய நிகழ்ச்சிக்கு முன்னால் லூசியன் ஏழு சட்டையையும் ஒன்றாய்க் கொண்டுவந்து தந்திருந்தார். சட்டைகள் என் கடைக் கம்பியில் தொங்க, ரெனே போன் எடுத்தான். அவன்தான் அப்போது பாட்டுச் சட்டை. லூசியன் தேடிப் பிடித்து மேடையேற்றின பாடகன். "அன்ரி, நாங்கள் எல்லாரும் பிரிஞ்சிட்டம். லூசியன்ர விரல் இப்ப முந்தி மாதிரி ஓடுதில்லை, சொன்னால் கோவம். பாண்ட் இனி நாங்கள்தான். சட்டையை அவரிட்டக் குடுத்திடாதையுங்கோ."

நான் மூச்சு விடமுன்னம் லூசியனின் போன். "மிஸிஸ் அக்கா, பாண்ட் நான்தான். சட்டையை ரெனேயிட்டக் குடுத்திடாதையுங்கோ." ரெண்டு பேருக்கும் ஓம் என்றேன். வேறென்ன சொல்லுறது? பிக்கரிங்கில் இருக்கிற மகள் தர்சினியிடம் கேட்டேன்: தொடங்கினவர் ஒரு பக்கம், மற்ற எல்லாரும் மறுபக்கம் என்றால், பாண்ட் எந்தப் பக்கம் பிள்ளை? அவள் சிரித்தாள். "அம்மா, உங்கட பழைய மாணவர் சங்கம் ரெண்டாய்ப் போன மாதிரித்தான். சேம் நேம், மண்டபம் மட்டும் டிஃபரண்ட்."

சனிக்கிழமை

அந்தச் சங்கம் பிரிந்தபோது ரெண்டு பகுதியின் ஒன்றுகூடலுக்கும் போய்ச் சாப்பிட்டு வந்தவள் நான். அந்தத் துணிவில் லூசியன், ரெனே ரெண்டு பேரையும் சனிக்கிழமை ஒரே நேரத்துக்கு வரச் சொல்லிவிட்டேன், ஆளையாள் கண்டால் கதைப்பார்கள் என்று. கதைக்கவில்லை. ஒரு பக்கம் ரெனேயும் மற்றவர்களும், மறுபக்கம் லூசியன் தனிய. நடுவில் நானும் ஏழு சட்டையும்.

"சட்டை வாத்தியத்துக்கெண்டு சொன்னது ஆர்?" என்று ரெனே மெதுவாய்த்தான் கேட்டான். லூசியன் கம்பியடிக்கு வந்து தன் கையாலேயே எடுத்து, மேளச் சட்டையை மேளக்காரனிடம், பாட்டுச் சட்டையை ரெனேயிடம் என்று ஒவ்வொன்றாய்க் கொடுத்தார். கொடுக்க முன்னம் மடிப்பைத் திருப்பி மஞ்சள் இருக்குதோ என்றும் பார்த்தார். கடைசியில் மிஞ்சின கிட்டார் சட்டையைத் தன் தோளில் போட்டுக்கொண்டார். நான் அப்பாடா என்று நினைக்க, வாசலில் நின்று ரெனே கேட்டான்: "அதுவும் வாத்தியத்துக்குத்தானே, லூசியன்?"

கிட்டார் சட்டை

சில கிழமை கழிய லூசியன் அந்தச் சட்டையோடு வந்தார். கூட ஒரு பெண்பிள்ளை, டோர்செட் பார்க் பக்கம் இருக்கிறவள். ரெனே ஆக்களின் புதுக் கிட்டார்காரி அவள்தானாம். தோளையும் இடுப்பையும் ஒடுக்க வேணுமாம். கோபித்துக்கொண்டு பிரிந்தவர்களின் ஆளை இவர் ஏன் கூட்டிக்கொண்டு வருகிறார் என்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அளவுக்கு ஊசி குத்தத் தொடங்கினேன். லூசியன் கதிரையில் இருந்து தன் விரல்களை நீவிக்கொண்டிருந்தார். "கீழ் மடிப்பை மட்டும் வெட்டிப்போடாதையுங்கோ, மஞ்சள் போயிடும்" என்றார். "இவள் வாசிக்கிறதைக் கேட்டன். நான் போட்ட சட்டம், நானே மீறேலாது."

பிள்ளை உடுப்பு மாற்ற உள்ளே போனதும், மனம் கேளாமல், "அப்ப நீங்கள்?" என்று கேட்டேன். அவர் எழும்பி, அளவெடுக்கத் தோதாய் ரெண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். "நான் இவையின்ர நிகழ்ச்சியில வாசல்ல நிண்டு டிக்கட் கிழிக்கப் போறன், மிஸிஸ் அக்கா. அதையும் ஒரு வாத்தியமாய் வைச்சு எட்டாவது சட்டை ஒண்டு தையுங்கோ."

தொடங்கினவர் வாசலில் நிற்கிறார், உள்ளே நிற்பவர்கள் ஆர் ஆரென்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை, ஆனால் அந்த பாண்ட் எது என்று ஆரும் வந்து கேட்டால், எட்டுச் சட்டைக்கும் மஞ்சள் தொட்டு வைத்தவள் என்ற துணிவில் மடிப்பைத் திருப்பிப் பாருங்கோ என்றுதான் சொல்லுவேன்.