மேலே என்பது எந்தப் பக்கம்?

போன சில வாரங்களாக இந்தப் பக்கத்தில் நான் எழுதியதெல்லாம் ஒப்பேற்றல். மிக்ஸி ரிப்பேர், பஸ் கண்டக்டர், மாடித் தோட்டம்... நீங்களும் கவனித்திருப்பீர்கள். 'என்னம்மா, சுரத்தே இல்லையே' என்று ஒரு வாசகி கேட்டே விட்டார். உண்மைதான். கை எழுதிக்கொண்டிருந்தது. கண் ஃபோன் மேலேயே இருந்தது.

விஷயம் இதுதான். என் மகள் நித்யா கர்ப்பமாக இருக்கிறாள். வழக்கமான ரத்தப் பரிசோதனையில் அவள் தலசீமியா என்ற ரத்தக் குறைபாட்டின் 'கேரியர்', அதாவது அந்தக் குறையைச் சுமப்பவள் என்று தெரிந்தது. கேரியராக இருப்பதால் அவளுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் கணவனும் கேரியராக இருந்து, இரண்டு பேருடைய குறையும் குழந்தைக்குச் சேர்ந்து போய்விட்டால்? அந்தக் குழந்தைக்குக் காலம் முழுக்க ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கலாம்.

மாப்பிள்ளை சரவணனின் ரத்தத்தையும் அனுப்பினோம். 'ஜீன் நார்மல்' என்று ரிப்போர்ட் வந்தது. ஸ்வீட் வாங்கினோம். மாப்பிள்ளை நிம்மதியாக மலைமேல் புதூர்நாட்டில் இருக்கும் அப்பா அம்மா வீட்டுக்குப் புளி உலுக்கப் போய்விட்டார்.

மூன்றாம் நாள் காலையில் பர்வீனிடமிருந்து ஃபோன். செங்கத்தில் எங்கள் தெருப் பெண். அந்த ரிப்போர்ட்டைத் தயார் செய்த லேபில்தான் வேலை பார்க்கிறாள்.

"ஆன்ட்டி, திட்டாதீங்க. ஒரு தப்பு பண்ணிட்டேன்."

இப்படி ஆரம்பித்தால் யார்தான் திட்டாமல் இருப்பார்கள்?

லேப் டாக்டருக்குச் சந்தேகம் தட்டியிருக்கிறது. மாப்பிள்ளையின் சிவப்பணுக்கள் சிறுசாக இருக்கின்றன – கேரியருக்கு இருப்பது போலவே. அப்படியிருக்க ஜீன் மட்டும் எப்படி நார்மல்?

"ஜீனுக்குள்ள ஒரு தப்பும் இல்ல ஆன்ட்டி," என்றாள் பர்வீன். "ஆனா அது ஆரம்பிக்கிறதுக்கு முன்னால, அப்ஸ்ட்ரீம்ல, புரமோட்டர்னு ஒரு எடம் இருக்குது. ஜீனைப் படிக்கிற புரோட்டீனு அங்க வந்து உக்காந்துதான் வேலைய ஆரம்பிக்கும். அந்த எடத்துல ஒரு எழுத்து மாறினாக்கூட சரியா படிக்காது. அதையும் பாக்கணும். நானும் பாத்தேன்... ஆனா எதிர்ப் பக்கத்த பாத்துட்டேன்."

எதிர்ப் பக்கமா?

எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன். ஜீன் எந்தத் திசையில் படிக்கப்படுகிறதோ அதுதான் ஆற்றின் ஓட்டம் மாதிரி. ஆரம்பிக்கிற இடத்துக்கு முன்னால் இருப்பது அப்ஸ்ட்ரீம், அதாவது மேல்புறம். படித்துக்கொண்டே போகிற பக்கம் டவுன்ஸ்ட்ரீம், கீழ்ப்புறம். ஆனால் டிஎன்ஏவில் இரண்டு இழைகள். ஒன்றை இடமிருந்து வலமாகப் படித்தால், மற்றதை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். கம்ப்யூட்டர் படத்திலோ இடத்தைக் குறிக்கிற எண்கள் ஒரே திசையில்தான் ஏறும். மாப்பிள்ளையிடம் பார்க்க வேண்டிய ஜீன் எதிர்த்திசை இழையில் இருக்கிறது. அதற்கு மேல்புறம் என்பது எண்கள் பெரிதாகிற பக்கம். பர்வீன் பழக்கதோஷத்தில் சின்ன எண் பக்கம் போய்ப் பார்த்திருக்கிறாள். அங்கே எல்லாம் ஒழுங்காக இருந்தது. நார்மல் என்று எழுதிவிட்டாள்.

"மேல எது, கீழ எதுன்னுகூடவா தெரியாது உனக்கு? என்னத்தடி படிச்சே?" என்று கத்தினேன்.

"புதுசா ரத்தம் வேணும் ஆன்ட்டி. பழசு பத்தாது. லேட்டாயிட்டா வயித்துல இருக்கற கொழந்தைக்கு டெஸ்ட் எடுக்கறது கஷ்டம்," என்றாள்.

மாப்பிள்ளைக்கு ஃபோன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருந்தார். மறுபடி போட்டேன். மறுபடியும் அதே குரல். நித்யாவை மலைப் பாதையில் அனுப்ப முடியுமா? செருப்பை மாட்டிக்கொண்டு நானே கிளம்பினேன். திருப்பத்தூர் வரை பஸ், அங்கிருந்து ஜீப்.

ஜீப்பில் கால் ஆடிக்கொண்டே இருந்தது. பக்கத்து சீட்டு அம்மா என் முழங்காலை முறைத்தார். பர்வீன் முன்பு சொன்ன இன்னொன்று ஞாபகம் வந்தது – என்ஹான்சர். ஜீனை விட்டு எங்கேயோ தூரத்தில், மேலேயோ கீழேயோ உட்கார்ந்துகொண்டு அதன் வேகத்தைக் கூட்டுகிற இடமாம். என் மகள் குடும்பத்தில் அந்த வேலையை நான்தான் ஃபோனிலேயே பார்க்கிறேன் என்று மாப்பிள்ளை சொல்லக்கூடும். சொல்லிவிட்டுப் போகட்டும், ஃபோனை எடுத்தால் போதும்.

ஜீப்பை விட்டு இறங்கி, கடைக்காரரிடம் சம்பந்தி வீட்டுப் புளியமரங்கள் எங்கே என்று கேட்டேன்.

"ஓடைய புடிச்சி மேலயே போங்கம்மா. தோப்புலதான் கீறாங்க," என்றார் கல்லாவிலிருந்து.

ஓடையில் சொட்டுத் தண்ணீர் இல்லை. வெறும் மணல். சுற்றிலும் ஏறக்குறைய சமதரை. ஒரு பக்கம் மட்டும் பெரிய குன்று தெரிந்தது. மலை இருக்கிற பக்கம்தானே மேலே? விறுவிறுவென்று குன்றைப் பார்த்து நடந்தேன். வெயில் ஏறியது. தோப்பு வரவேயில்லை. புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றபோது ஒருவர் பைக்கை நிறுத்தினார்.

"எங்கம்மா போறீங்க?"

சொன்னேன்.

"அது அந்தாண்டம்மா. நீங்க ஓடைக்குக் கீழ போய்க்கினு கீறீங்க."

"மலை இந்தப் பக்கம்தானே இருக்கு?"

"மலை இருக்கும்மா. தண்ணி அந்தாண்டருந்து வந்து இந்த மலைய சுத்திக்கினுதான் போவுது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெயிலினாலா, பயத்தினாலா, வெட்கத்தினாலா... எல்லாம்தான். காலையில் ஒரு பெண்ணை என்ன பாடு படுத்தினேன்! அவளாவது படத்தைப் பார்த்து ஏமாந்தாள். நான் நேரில் ஓடைக்குள் நின்றுகொண்டே ஏமாந்திருக்கிறேன். அந்த மனிதர் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பைக்கைத் திருப்பினார்.

தோப்பில் சம்பந்தி அம்மாள் உதிர்ந்த புளியைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை மரத்தின் மேலே.

"இன்னா சம்பந்தி, சொல்லாம கொள்ளாம? பாப்பாவுக்கு இன்னாச்சி?"

மூச்சு வாங்கச் சொல்லி முடித்தேன். அவர் கையிலிருந்த கூடை சாய்ந்துவிட்டது.

"எங்க ரத்தத்துலயா கொற?" என்றார் சன்னமாக.

"எங்க ரத்தத்துலயும் இருக்குதே," என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு மரத்தைப் பார்த்துக் கத்தினார்: "டேய், எறங்குடா! உலுக்குன வரைக்கும் போதும்!"

மாப்பிள்ளை சட்டைகூட மாற்றவில்லை. "போலாம் அத்தை" என்று அப்படியே ஜீப்பில் ஏறினார்.

இறங்கும் வழியில் ஒரு வளைவில் சிக்னல் கிடைத்தது. பர்வீனிடமிருந்து மெசேஜ் மேல் மெசேஜ். கூப்பிட்டேன்.

"மாப்பிள்ளையோட வந்துட்டிருக்கேன். பர்வீன்... நானும் எதிர்ப் பக்கம்தான்டி போனேன்."

கதையைக் கேட்டுச் சிரித்தாள். மூக்கை உறிஞ்சுகிற சத்தமும் கேட்டது.

புது ரத்தத்தில் அது இருந்தது. ஜீன் சுத்தம். அதற்குச் சற்று மேலே, சரியான பக்கத்தில், ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தது. ஆக, மாப்பிள்ளையும் கேரியர். உடனே குழந்தைக்கும் டெஸ்ட் எடுத்தார்கள். அதற்கப்புறம் வந்த நாட்களில்தான் உங்களுக்கு மிக்ஸி பற்றி எழுதினேன்.

நேற்று மத்தியானம் குழம்பு கொதிக்கும்போது ஃபோன் வந்தது.

"ஆன்ட்டி, டாக்டரே உங்ககிட்ட சொல்லச் சொன்னாங்க. கொழந்தைக்கு நித்யாவோடது மட்டும்தான் வந்திருக்குது. அப்பாவோடது வரல. பயப்பட ஒண்ணுமே இல்ல!"

அடுப்பை அணைத்தேன். நன்றி சொல்ல வாயெடுத்தவள், என்னையறியாமல் கேட்டுவிட்டேன்:

"பர்வீன்... எந்தப் பக்கம் பார்த்தே?"

"இந்தத் தடவை ரெண்டு பக்கமும் பாத்துட்டேன் ஆன்ட்டி!"