முப்பத்தைந்து சதவீதத்தில் நின்ற கம்ப்யூட்டர்

போன வாரம் எங்கள் கடைக் கம்ப்யூட்டரை என் கணவர் கொன்றுவிட்டார்.

'கொன்றுவிட்டார் என்றெல்லாம் எழுதாதே, மெயினை ஆஃப் செய்தார் என்று மட்டும் எழுது' என்கிறார். சரி. மெயினை ஆஃப் செய்தார்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு ஃபிளெக்ஸ் பேனர் கடை இருப்பது இந்தப் பக்கத்தை வாராவாரம் புரட்டுகிறவர்களுக்குத் தெரியும். காதுகுத்து, கல்யாணம், கடை திறப்பு, கண்ணீர் அஞ்சலி... ஊரில் யாருக்கு என்ன நடந்தாலும் சொந்தக்காரர்களுக்கு அடுத்தபடி எங்களுக்குத்தான் தெரியும். டிசைன் நான். பிரிண்டிங் மிஷின், மரச் சட்டம், வாடிக்கையாளரிடம் சிரிப்பது — இதெல்லாம் அவர்.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. கடை சாத்தும்போது மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுத்தான் ஷட்டரை இறக்க வேண்டும். எப்போதோ ஒரு துணிக்கடை ஷார்ட் சர்க்யூட்டில் எரிந்ததிலிருந்து அப்படி. பூட்டு போட மறந்தால்கூட மன்னித்துவிடுவார்கள். மெயினை இறக்க மறந்தவனை மறுநாள் டீக்கடையில் நிற்கவைத்து விசாரிப்பார்கள்.

அன்று சாத்தும் நேரத்தில் கம்ப்யூட்டர் தன்னைத்தானே அப்டேட் செய்துகொண்டிருந்தது. 'முப்பத்தைந்து சதவீதம் முடிந்தது, கம்ப்யூட்டரை அணைக்காதீர்கள்' என்று திரையில் தெளிவாக இருந்தது.

"இன்னாங்க, அது ஓடிக்கினு இருக்குது. செத்த நேரம் வுடுங்க" என்றேன்.

"எல்லாக் கடையிலயும் இறக்கிட்டாங்க. நம்முளுது மட்டும் எரிஞ்சிக்கினு இருந்தா இன்னா நெனப்பாங்க?"

"எதுனா ஆயிடப் போவுது."

"இன்னா ஆவும்? கொத்தனாரு பாதிச் செவுத்துல வுட்டுட்டு வூட்டுக்குப் போறதில்ல? காலையில வந்து பாக்கிய அது கட்டிக்கும்."

டக்.

யூபிஎஸ் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. பேட்டரி போய் ரொம்ப நாளாகிறது. இப்போது அதன்மேல் தண்ணீர் பாட்டில் வைக்கிறோம். உயரம் சரியாக இருக்கிறது.

மறுநாள் காலை மெயினைப் போட்டோம். ஃபேன் ஓடியது, விளக்கு எரிந்தது. கம்ப்யூட்டர் மட்டும் கொஞ்ச நேரம் கறுப்பாக இருந்தது. 'ரிப்பேர் செய்ய முயல்கிறேன்' என்றது. பிறகு தானே அணைந்து, தானே எழுந்து, மறுபடியும் அதையே சொன்னது. பாக்கிச் சுவரைக் கட்டக் கொத்தனார் வரவில்லை.

இவர் கேபினெட்டைத் திறந்து ரேமைக் கழற்றி, பென்சில் அழிக்கிற ரப்பரால் தேய்த்தார். இந்த ஊரில் கம்ப்யூட்டருக்கு எந்த வியாதி வந்தாலும் முதல் வைத்தியம் அதுதான். தேய்த்து மாட்டி, பிஸ்மில்லா சொல்லிப் பட்டனை அமுக்கினார். ரேம் பளபளவென்று இருந்தது. வேறு முன்னேற்றம் இல்லை.

அப்போதுதான் வெள்ளிமலை பஸ்ஸில் பொன்னி வந்து இறங்கினார்.

பொன்னி யார் என்று சொல்லிவிடுகிறேன். கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கும் மேலே ஒரு சின்ன ஊர் அவருக்கு. வீட்டுக்காரர் இறந்துவிட்டார். அன்றைக்கு மறுநாள் கருமாதி. அதற்கு ஒரு பேனர் வேண்டும் என்று முந்தின நாள் வந்திருந்தார். கையில் கணவரின் போன். கண்ணாடி முழுக்க விரிசல், தொட்டால் பாதி வேலை செய்யும், மீதி முறைக்கும். அதில்தான் அந்த மனிதரின் ஒரே ஒரு நல்ல போட்டோ இருந்தது.

ஆதார் கார்டில் படம் இருக்குமே என்று கேட்டிருந்தேன். எடுத்துக் காட்டினார்.

"இது யாரோ போலீஸ்ல புடிச்ச ஆளாட்டம் இருக்குது பாயம்மா. அவரு இப்பிடி இருக்க மாட்டாரு."

மறுக்க முடியவில்லை. ஆதாரில் நாம் எல்லோருமே அப்படித்தான் இருக்கிறோம்.

கேபிள் மாட்டி, கெஞ்சி, போட்டோவைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றினேன். "இனிமே பயமில்லக்கா, கம்ப்யூட்டருக்கு வந்துடுச்சி" என்று வேறு சொன்னேன். அவர் நிம்மதியாகப் பஸ் ஏறினார்.

இப்போது வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் முதலில் சொன்னது இதுதான்:

"போனு நேத்து பஸ்லயே உசுர வுட்டுடுச்சி பாயம்மா. நல்ல வேள, உங்க கிட்ட ஏத்தி வெச்சோம்."

நான் கணவரைப் பார்த்தேன். அவர் ரப்பரைப் பார்த்தார்.

சர்வீஸ் ஆளுக்குப் போன் போட்டேன். உளுந்தூர்பேட்டையில் ஒரு வேலையில் இருப்பதாகச் சொன்னார். "சாயங்காலம் வந்து ஃபார்மட் அடிச்சிடலாங்க்கா. புதுசாட்டம் ஆயிடும்" என்றார். அதுதான் பயமே. புதுசு என்றால் உள்ளே ஒன்றுமே இருக்காது. நாங்களோ எல்லாவற்றையும் டெஸ்க்டாப்பிலேயே கொட்டி வைக்கிற ஜாதி. கண்ணுக்கு எதிரே இருந்தால்தானே பத்திரம்? ஃபார்மட் அடித்தால் முதலில் போவது அதுதான். அதில் அந்த மனிதரும் போவார். இந்த உலகத்தில் அவர் முகம் சிரித்தபடி இருக்கிற ஒரே இடம் அதுதான்.

வேண்டுமானால் நானே கூப்பிடுகிறேன் என்று சொல்லிப் போனை வைத்தேன்.

"இன்னா பாயம்மா, அதுக்கு ஒடம்பு சரியில்லியா?" என்றார் பொன்னி.

"ஆமாக்கா. கொஞ்சம்..."

"எங்க வூட்டுக்காரரு உள்ளதான இருக்காரு?"

"உள்ளதான் இருக்காரு."

"அப்ப மெதுவா பாருங்க" என்று சொல்லிவிட்டு நிதானமாக முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பலமுறை முட்டி மோதிய பிறகு கம்ப்யூட்டர் ஒரு நீலத் திரையைக் காட்டியது. நிறைய வழிகள். 'ரீசெட்' என்ற பட்டனைப் பார்த்ததும் இவர் முகம் மலர்ந்தது. "இதான், இத்த அமுக்கு!" மவுஸை அவர் கைக்கு எட்டாத தூரத்துக்கு நகர்த்தினேன். ரீசெட்டும் ஃபார்மட்டுக்குத் தம்பிதான் என்று எனக்குத் தோன்றியது.

போனில் ஒரு வீடியோ கிடைத்தது. யாரோ ஒரு தம்பி இந்தியில் விளக்குகிறார். எனக்கு இந்தி தெரியாது. ஆனால் மவுஸ் எங்கே போகிறது என்று பார்க்க மொழி எதற்கு? நீலத் திரையிலிருந்து ஒரு கறுப்புத் திரைக்குப் போகிறார். அதில் 'நோட்பேட்' என்று அடிக்கிறார். நோட்பேட் திறக்கிறது. அதில் 'ஃபைல், ஓப்பன்' போனால்... மொத்தக் கம்ப்யூட்டரும் உள்ளே தெரிகிறது! முன்வாசல் அடைத்துக்கொண்ட வீட்டில் சமையலறை ஜன்னல் வழியாகச் சாமானை எடுக்கிற மாதிரி.

அப்படியே செய்தேன். டெஸ்க்டாப் தெரிந்தது. காதுகுத்துகளுக்கும் கல்யாணங்களுக்கும் நடுவில் 'பொன்னி அக்கா' என்ற ஃபோல்டர். பென் டிரைவுக்குக் காப்பி செய்தேன்.

சரியாக வந்ததா என்று பார்க்க வேண்டுமே? பென் டிரைவை எடுத்துக்கொண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடைக்கு ஓடினேன். பொன்னியும் பின்னாலேயே வந்தார். நான் செய்து வைத்த டிசைனைத் திறக்கும் சாஃப்ட்வேர் அங்கே இல்லை. அதனால் அசல் போட்டோ மட்டும்தான் திறந்தது.

பலா மரத்தடியில் மனிதர் நிற்கிறார். கசங்கிய நீலச் சட்டை. யாரோ ஏதோ சொன்னதற்கு அப்போதுதான் சிரித்த முகம். போட்டோவின் ஓரத்திலிருந்து வளையல் போட்ட ஒரு கை நீண்டு வந்து, அவர் தோளைப் பிடித்திருக்கிறது. கைக்கு உரியவர் படத்தில் இல்லை.

பொன்னி வாயைப் பொத்திக்கொண்டார். ஜெராக்ஸ் கடையில் வரிசையில் நின்றவர்களும் எட்டிப் பார்த்தார்கள்.

கடைக்குத் திரும்பி, அதே நீலத் திரையில் 'கடைசியாக வந்த அப்டேட்டை நீக்கு' என்ற வழியை அமுக்கினேன். யோசித்தது. ரொம்ப யோசித்தது. பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி எழுந்து உட்கார்ந்தது. "நான் ரேமைத் தொடச்சது இப்பதான் புடிச்சிருக்குது" என்றார் இவர்.

என் டிசைனைத் திறந்து பொன்னியிடம் காட்டினேன். கண்ணீர் அஞ்சலிக்கு எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. பின்னால் வானம், மேகம், மேலிருந்து ஒளி. இறந்தவருக்கு வெள்ளைச் சட்டை, பக்கத்தில் யாரும் கூடாது. நானும் மரத்தை வெட்டி, சட்டையை மாற்றி, அந்தக் கையைச் சுத்தமாக அழித்திருந்தேன். நல்ல வேலை. கை இருந்த அடையாளமே இல்லை.

பொன்னி கிட்டே வந்து திரையைப் பார்த்தார்.

"இந்தச் சட்ட அவருது இல்ல."

"மாத்திடலாங்க்கா."

"இங்க ஒரு கை இருந்துச்சே?"

"யாரோ குறுக்க வந்துட்டாங்கன்னு எடுத்துட்டேங்க்கா."

"குறுக்க வர்ல பாயம்மா. அது என்னுது."

இவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "கருமாதி பேனர்ல கை இருந்தா நாலு பேரு யாருதுன்னு கேப்பாங்களேம்மா" என்றார்.

"கேக்கட்டும் பாய். இருக்கட்டும்."

வானத்தை எடுத்தேன். மேகத்தை எடுத்தேன். பலா மரத்தைத் திரும்ப நட்டேன். நீலச் சட்டை, கசங்கல், வளையல், கை... எல்லாம் இருந்த இடத்துக்கு வந்தன. இத்தனை வருஷத் தொழிலில் நான் கம்மியாக வேலை செய்த பேனர் அதுதான். அதைவிட நல்ல பேனர் இன்னும் எங்கள் மிஷினிலிருந்து வரவில்லை. சுருட்டிக் கொடுத்ததும் பொன்னி அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார்.

யோசித்துப் பார்க்கிறேன்... அதுவரை எத்தனை பேரைத் தனியாக மேகத்தில் நிறுத்தியிருப்பேன்?

அன்று மாலையே அந்த அப்டேட் திரும்ப வந்துவிட்டது. தெரு முழுக்க இருட்டு. அரைவாசி இறக்கிய ஷட்டருக்கு உள்ளே இவர் மெயின் சுவிட்ச் பக்கம் நீட்டிய கையைப் பிடித்துக்கொண்டேன்.

நூறு சதவீதம் வரும்வரை விடவில்லை.