பக்கத்தில் நிற்கிறவன் போட்டால்

அப்பாவின் மஞ்சள் ஹெல்மெட் இப்போது என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மல்லாந்து கிடக்கிறது. அதற்குள் என் சர்க்கரை மாத்திரைகள். சுரங்கத்தில் அப்பாவின் தலையைக் காத்த பொருளுக்கு ஓய்வுக்காலத்தில் இப்படியொரு வேலை.

நெய்வேலி குவார்ட்டர்ஸில் நாங்கள் வளர்ந்தபோது அது வாசல் ஆணியில் தொங்கும். ஷிஃப்ட் முடிந்து அப்பா அதை மாட்டும் சத்தம் கேட்ட பிறகுதான் அம்மா டீக்கு அடுப்பைப் பற்றவைப்பாள். ஹெல்மெட் போடாவிட்டால் என்ன ஆகும் என்று சுரங்கத்து வழியெங்கும் படமும் வாசகமுமாகப் போர்டுகள் இருந்தன. திருநெல்வேலிப் பக்கமிருந்து வேலைக்கு வந்த அப்பாவுக்கு அவற்றைப் பார்த்தால் சிரிப்பு. "போர்டைப் படிச்சு எவனும் ஹெல்மெட் போடல. பக்கத்துல நிக்கிறவன் போட்டான், இவனும் போட்டான்" என்பார். அவர் பக்கத்தில் நின்றவர் காடாம்புலியூர் மாமா. ஒரே ஷிஃப்ட். பலாக் காலத்தில் ஊர்த் தோப்பிலிருந்து வீடே மணக்கச் சுளை கொண்டுவந்து கொடுப்பார்.

டிவியில் எந்த விளம்பரம் வந்தாலும், "விக்கிறவன்தானே சொல்லுதான்" என்று அப்பா ஒரே போடாகப் போடுவார். அடுத்த வாரம் அதே சோப்பு வீட்டுக்கு வரும். கேட்டால், "இது நல்ல சோப்பு" என்பார், விளம்பரப் பாட்டை முணுமுணுத்தபடி. தன்னை எதுவும் அசைக்காது என்று அவர் முழுசாக நம்பினார். வினை அங்கேதான் இருந்தது.

ஓய்வு பெற்று மந்தாரக்குப்பத்தில் குடியேறியதும் கைக்கு ஒரு ஃபோன் வந்தது. பலாக்கொட்டை மாவு தின்றால் சர்க்கரை நோய் ஓடிப்போகும் என்று வெள்ளைக் கோட்டு போட்ட யாரோ பேசிய வீடியோவும் வந்தது. "நாலு பேரு சொல்லுதாங்கல்லா" என்றார் அப்பா. நாலு பேரும் அனுப்பியது அந்த ஒரே வீடியோதான். பல வருஷமாகப் போட்டுவந்த சர்க்கரை மாத்திரையை நிறுத்தினார். கால் பெருவிரலில் வந்த புண் ஆறவே இல்லை. இப்படியே விட்டால் விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். நான் கெஞ்சினேன், கத்தினேன், மருத்துவக் கட்டுரைகளைப் படித்துக் காட்டினேன். நான் வாதாட வாதாட அப்பா அந்த வீடியோவுக்கு வக்கீலாகிக்கொண்டே போனார்.

பயத்தில் அழுதுகொண்டிருந்த ஒரு மத்தியானம் அந்தப் போர்டுகள் ஞாபகத்துக்கு வந்தன. நானும் ஒரு போர்டாகத்தான் அவர் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். மாமாவைக் கூப்பிட்டேன்.

மாமா வந்தார். சாப்பிட்டு முடித்துச் சட்டைப்பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்தார். "எங்க வூட்டுத் தோப்புல பலாக்கொட்டை குப்பையா கெடக்குது அண்ணே. நானே இதைத்தான் போட்டுகினு இருக்கேன். பலாவால சர்க்கரை போவும்னா எங்க ஊர்ல ஒருத்தனுக்கும் இருக்கக் கூடாதே!" என்று சொல்லி விழுங்கினார்.

அப்பா என் பக்கம் திரும்பினார். "இவனை நீதானே வரச் சொன்ன?"

தலையாட்டினேன்.

"தெரியும்" என்றார். பிறகு கையை நீட்டினார். "சரி, என் மாத்திரையை எடு." விரல் பிழைத்தது.

போன வருஷம் மாரடைப்பில் அப்பா போய்விட்டார். சில மாதம் கழித்து மாமாவின் மனைவி ஃபோனில் அழுதார். "உங்கப்பா போனதுலேர்ந்து மாத்திரையைத் தொடவே மாட்டேங்குறாரும்மா. டெய்லி காலைல ரெண்டு பேரும் ஃபோன்ல பேசிகினே போட்டுக்குவாங்க. இனிமே யாருகூடப் போடறதுன்னு கேக்குறாரு." மாமாதான் அப்பாவைத் தாங்குகிறார் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

எனக்கும் சர்க்கரை வந்திருந்தது. யாரிடமும் சொல்லாமல், நினைத்தால் போடுவதும் மறந்தால் விடுவதுமாக இருந்தேன். அன்றிலிருந்து தினமும் காலையில் மாமாவைக் கூப்பிடுகிறேன். இன்றும் ஹெல்மெட்டுக்குள் கைவிட்டு மாத்திரையை எடுத்தேன்.

"போட்டீங்களா மாமா?"

"நீ முன்ன போடும்மா. அப்பறம் நான் போட்டுக்குறேன்."

விழுங்கினேன். அந்தப் பக்கம் டம்ளரை வைக்கும் சத்தம் கேட்டது.