ஊர்ப்பேர் இல்லாத முள்ளெலி

போன ஆவணியில் (2006) சென்னைக்குப் போனது சரக்கு எடுக்க அல்ல. கோவில்பட்டியில் என் நாட்டுமருந்துக் கடையில் பல வருஷமாகத் தொங்கிய ஒரு முள்ளெலித் தோலை, அங்குள்ள பழைய அருங்காட்சியகம் ஒன்றில் கொடுக்கத்தான். கக்குவான் இருமலுக்கு முள்ளைச் சுட்டுத் தேனில் குழைத்துக் கொடுப்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். அந்த வியாபாரத்தை நிறுத்தியாயிற்று. மிஞ்சியது இது ஒன்றுதான். சுக்கு வாங்க வந்த விலங்கியல் வாத்தியார்தான் கிளப்பிவிட்டார்: "அண்ணாச்சி, இதச் சாம்பிராணிப் புகையில வாட்டாதீங்க. கரிசக்காட்டு முள்ளெலி ஒண்ணுகூட மெட்ராஸ் மியூசியத்துல இல்லையாம்." நம்ம ஊர்ச் சரக்கு ஒன்று அங்கே இருக்கட்டுமே என்று ஆசை வந்துவிட்டது.

இரவு ரயில், படுக்கைக்கு 238 ரூபாய். காலையில் எழும்பூரில் இறங்கினால் ஆட்டோக்காரர் எண்பது கேட்டார்.

"பொட்டில இன்னா சார், அல்வாவா?"

"முள்ளெலி."

சட்டென்று நாற்பதுக்கு இறங்கினார். உயிரோடு இருக்கிறது என்று நினைத்துவிட்டார் போல, வழியெல்லாம் கண்ணாடியில் பெட்டியையே பார்த்துக்கொண்டு ஓட்டினார்.

அருங்காட்சியகத்தில் கண்ணாடிக் கூண்டுகளில் நிற்கிற மிருகங்கள் வெளிச்சம் பட்டே வெளுத்துப் போனவை. அசல் சொத்து உள்ளே இழுப்பறைகளில் இருக்கிறது. காப்பாட்சியர் அம்மா ஒன்றைத் திறந்து காட்டினார். வெள்ளைக்காரர் காலத்தில் கோயம்புத்தூர்ப் பக்கம் பிடித்த முள்ளெலி. தோலின் உள்பக்கம் பூச்சி அரிக்காமலிருக்கப் பாஷாணம் கலந்த சோப்பு தடவி, பஞ்சு அடைத்து, காலில் சீட்டு கட்டியிருந்தார்கள். கிராமம், தேதி, ஆணா பெண்ணா, எல்லாம் மை கலையாமல் இருந்தது.

என் தோலை எடுத்து வைத்தேன். முள் விற்று விற்று ஒரு பக்கம் மொட்டை.

"அது பரவாயில்ல சார். எந்த ஊர்ல பிடிச்சது?"

"கோவில்பட்டிப் பக்கம்."

"பக்கம்னா?"

பிடித்துத் தந்தவர் புதூர்ப் பக்கம் ஆடு மேய்க்கிற மாடசாமி. அங்கிருந்தே செல்லில் கூப்பிட்டேன்.

"எதச் சொல்லுதிய அண்ணாச்சி? இருவது உருப்படி கொண்டாந்திருப்பேன்லா. எங்கன பிடிச்சன்னு என்னிக்காவது கேட்டியளா? எம்புட்டுன்னுதான கேட்டிய!"

"இப்ப ஒண்ணு கண்ணுல பட்டா…"

"எங்க? மூணு வருசமா ஒண்ணயும் காங்கல."

மிளகாய் வத்தல் வாங்கினால் விளாத்திகுளமா சாத்தூரா என்று கேட்காமல் மூட்டையைப் பிரிக்க விடமாட்டேன். ஊரை வைத்துத்தான் விலை. இதற்கு மட்டும் கேட்கத் தோன்றவில்லை.

"புதூர்னு போட்டுக்கிடுங்களேன் மேடம்."

"நீங்க சொன்னா போட்டுடுவேன். நூறு வருஷம் கழிச்சுப் பார்க்கிறவங்களும் அதைத்தான் நம்புவாங்க."

பேனாவைத் திறந்து காத்திருந்தார். வியாபாரத்தில் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். இது நூறு வருஷம் நிற்கிற பொய். பெட்டியை மூடிக்கொண்டேன்.

போகிறவர்கள் வார விடுமுறையை விசாரித்துக்கொண்டு போங்கள். இழுப்பறைகளைப் பார்க்க முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும். ரோட்டில் ஏதாவது அடிபட்டுக் கிடந்தால் எடுக்காதீர்கள். எந்த இடம், என்றைக்கு என்று குறித்து வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

மாடசாமியிடமும் அதையேதான் சொல்லியிருக்கிறேன்: பார்த்தால் தொடாதே, எந்தக் காடு என்று மட்டும் வந்து சொல். மாசத்தில் ரெண்டு தடவை கடைக்கு வருகிறார். இதுவரை ஒரு ஊர்ப்பேரும் கொண்டுவரவில்லை.