நான் பாண்டிச்சேரிக்காரன் இல்லை

பொய் சொன்னேன். இருபது ஆண்டுகளாகச் சொன்னேன். எந்த ஊர் என்று யார் கேட்டாலும் பாண்டிச்சேரி என்றேன். நான் பிறந்தது கடலூர் முதுநகர். என் தந்தை அந்தோணி அங்கே தையற்கடை வைத்திருந்தவர். அவர் இறந்த பிறகு, ஒரு படகில் உட்கார்ந்துகொண்டு, அவர் யாரென்றே தெரியாது என்றும் சொன்னேன்.

உங்களிடம் ஒப்புக்கொள்ள வந்தது இதைத்தான்...

இந்த வியாதி எங்கள் பக்கத்தில் எனக்கு மட்டும் இல்லை. வெளியூர் போனதும் பாதிப் பேர் பாண்டிக்காரர்கள் ஆகிவிடுகிறோம். சென்னையில் கல்லூரி விடுதிக்குப் போன முதல் நாள், ஊர்ப் பெயரைச் சொன்னதும், "புயல் நியூஸ்ல மட்டும் வருமே, அந்த ஊரா?" என்று ஒருவன் கேட்டான். அறையே சிரித்தது. மறுநாளிலிருந்து நான் பாண்டிச்சேரி. ஓர் ஆறு தள்ளிப் பிறந்ததாக வைத்துக்கொண்டால் யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தேன்!

சொன்ன பொய் சும்மா இருக்குமா? பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்த பின் அதற்குக் கை கால் முளைத்தது. கடற்கரைச் சாலைக்குப் பின்னால் எங்கள் வீடு, அப்பா பிரெஞ்சு வாத்தியார்... அப்பாவுக்குப் பிரெஞ்சில் தெரிந்ததெல்லாம் 'பிரெஞ்சு கஃப்' என்கிற சட்டைக் கைமடிப்பு ஒன்றுதான்.

அவர் காலமாகி ஓராண்டு கழித்து, அலுவலக நண்பன் குல்கர்னி, என் ஊரைப் பார்த்தே தீருவேன் என்று கிளம்பி வந்தான். புனேக்காரன். பாண்டியில் அறை எடுத்தேன். வீட்டை விற்றுவிட்டோம் என்று சொல்லி, யாருடையதோ ஒரு மஞ்சள் மதிலைக் காட்டினேன். மறுநாள் அவன் சிதம்பரம் பார்க்க வேண்டும் என்றான். பாண்டியிலிருந்து சிதம்பரம் போகும் சாலை எந்த ஊர் வழியாகப் போகிறது என்பது உங்களுக்குத் தெரியுமல்லவா!

முதுநகர் நெரிசலில் கார் நின்றது, சரியாக என் அக்கா வீட்டுத் தெருமுனையில். செல்போனுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். "இங்கே பார்க்க என்ன இருக்கிறது?" என்று குல்கர்னி ஆங்கிலத்தில் கேட்டான். ஒன்றுமில்லை என்றேன். உண்மையில் எனக்கு அது தெரியவும் தெரியாது. சுவிட்சர்லாந்து பார்த்திருந்தேன், பாலித் தீவு பார்த்திருந்தேன். சிதம்பரம் கோபுரத்தைப் பேருந்து ஜன்னல் வழியாகத் தவிரப் பார்த்ததில்லை.

அன்று அதன் வாசலுக்குள் நுழைந்தவன் நின்றுவிட்டேன். இரு பக்கச் சுவரிலும் கீழிருந்து மேல்வரை கல்லில் பெண்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தியின் பாதம் தலைக்கு மேலே போயிருந்தது. முகத்தில் மூச்சு வாங்கிய அடையாளமே இல்லை! பூக்கூடையோடும் பள்ளிப் பையோடும் உள்ளூர்க்காரர்கள் அவர்களைத் தாண்டி வெகு சாதாரணமாகப் போனார்கள். நான்கு நாடுகளில் டிக்கெட் வாங்கி வாய் பிளந்தவன், வீட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் இதை விட்டுவைத்திருந்தேன். வெட்கமாக இருந்தது. அதைவிட ஆனந்தமாக இருந்தது.

பிற்பகல் பிச்சாவரம். துடுப்புப் படகை ஓட்டியவர் கலியபெருமாள், ஐம்பது வயதிருக்கும். அகன்ற நீரிலிருந்து ஒரு சந்துக்குள் படகைத் திருப்பிக் குனியச் சொன்னார். நிமிர்ந்தபோது... என்னவென்று சொல்வேன்! சுரபுன்னை மரங்கள் தலைக்கு மேல் மூடியிருந்தன. கிளைகளிலிருந்து வேர்கள் இறங்கித் தண்ணீருக்குள் ஊன்றி நின்றன. தண்ணீர் பச்சை, வெளிச்சம் பச்சை, குல்கர்னியின் வெள்ளைச் சட்டையும் பச்சை. அவர் துடுப்பை நிறுத்தியதும் சேற்றில் நண்டு நகர்வதுகூடக் கேட்டது. என் கை தானாகவே சிலுவை போட்டது.

கலியபெருமாள் அதைப் பார்த்துவிட்டார்.

"சார் வேதக்காரங்களா? மூஞ்சப் பாத்தப்பவே நெனச்சேன். முதுநகர் அந்தோணி டெய்லர் மவன்தானே நீங்க? அப்பிடியே அவுரு ஜாடை! புயல் அடிச்ச வருஷம் எங்க குப்பத்துல ஒண்ணும் மிஞ்சல சார். அவுரு பஸ் புடிச்சு வந்து, புள்ளைங்களுக்கெல்லாம் அளவெடுத்துக்கினு போயி யூனிபாரம் தச்சுக் குடுத்தாரு. வளர்ற புள்ளைங்கன்னு பாவாடையில நாலு வெரக்கடை உள்ள மடிச்சுத் தச்சிருந்தாரு. எம் பொண்ணு அதப் பிரிச்சுவுட்டுப் பிரிச்சுவுட்டு மூணு வருஷம் போட்டுச்சு. இப்ப அது நர்ஸு. அவுரு செத்ததே எங்களுக்கு லேட்டாதான் தெரிஞ்சுது. அவுரு மவனப் பாத்தா ஒரு வார்த்த சொல்லணும்னு..."

அப்பா இதை வீட்டில் ஒருநாளும் சொன்னதில்லை.

குல்கர்னிக்குத் தமிழ் தெரியாது. ஆனால் 'டெய்லர்' புரியத் தமிழ் எதற்கு? அவன் என்னையே பார்த்தான்.

"இல்லீங்க. நான் பாண்டிச்சேரி," என்றேன். "அவரு யாருன்னே எனக்குத் தெரியாது."

"மன்னிச்சுக்கங்க சார்," என்று அவர் துடுப்பை எடுத்தார்.

யார் என் கழுத்தில் கத்தி வைத்தார்கள்? கரை சேரும்வரை நேரம் இருந்ததே! அவ்வளவு அழகின் நடுவில் உட்கார்ந்துகொண்டா அப்படிச் சொன்னேன்? அடுத்த மாதமே குல்கர்னியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். "அட, இவ்வளவுதானா!" என்று சிரித்தான். இப்போதெல்லாம் யார் கேட்டாலும் கடலூர் என்கிறேன். விடுமுறைதோறும் வந்து, தேவனாம்பட்டினத்துக் கடற்கரையிலிருந்து காடாம்புலியூர் பலாத்தோப்புவரை சுற்றுகிறேன். ஒவ்வோர் இடத்திலும் வாயடைத்து நிற்கிறேன். ஆனால் சொல்ல வேண்டியவரிடம் சொல்லவில்லையே...

போன மாதம், சொல்லிவிடுவது என்றே பிச்சாவரம் போனேன்.

"வாங்க பாண்டி சார்!" கலியபெருமாள் முகமெல்லாம் சிரிப்பாகக் கை கொடுத்து ஏற்றினார். சந்துக்குள் நுழைந்ததும் வாயைத் திறந்தேன். அதற்குள் அவரே தொடங்கிவிட்டார்.

"உங்களப் பாத்தா அந்த டெய்லர் ஞாபகந்தான் சார் வருது. அதுக்கப்புறமும் இங்க வந்தப்பல்லாம் மவனப் பத்தியேதான் பேசுவாரு."

"என்ன பேசுவாரு?" என்று கேட்டேன்.

"அவன ஒரு தபா இங்க கூட்டிக்கினு வந்து இந்த எடத்தக் காட்டணும்பாரு. கூப்புட்டா வரமாட்டேங்கிறான், வேலை ஜாஸ்தி போலன்னு சொல்வாரு."

"அப்படிங்களா," என்றேன், யாருடைய அப்பாவைப் பற்றியோ கேட்பவனைப் போல.