தம்போய் டயர்க்கடைக்காரர் மகனுக்கு நெஞ்சு ஸ்கேன்

பிறந்த பிள்ளையின் நெஞ்சில் ஸ்கேன் வைத்துப் பார்ப்பதில் பாதி வேலை, பக்கத்தில் நிற்கும் சொந்தக்காரர்களுக்குப் பதில் சொல்வது. ஜொகூர் வார்டுகளில் அந்தப் பெட்டியோடு மாரடிக்கும் சக டாக்டர்களே, உங்களுக்குத் தெரியாததா!

யோங் பெங் அத்தை

குமாருக்குத் தம்போயில் டயர்க்கடை. தலைப்பிள்ளை பிறந்ததிலிருந்து வேகவேகமாக மூச்சு வாங்கினான். மூக்கில் காற்றுக் குழாய் வைத்துவிட்டு நுரையீரலைப் பார்க்க ஸ்கேன் பெட்டியைத் தள்ளி வந்தேன். யோங் பெங்கிலிருந்து வந்திருந்த குமாரின் அக்கா வழியை மறித்தார்.

"அலமாக்! பெத்து எடுத்தப்புறம் என்ன ஸ்கேனு? பையன்தான்னு நாங்களே பார்த்துட்டோம் லா!"

மிஸ்ஸி மேரியின் கை

ஸ்கேனுக்குத் தடவும் ஜெல் பாக்கெட்டை உள்ளங்கையில் பொத்திச் சூடாக்கித்தான் தருவார் எங்கள் வார்டு நர்ஸ், மிஸ்ஸி மேரி. அன்று எனக்குப் பொறுமை இல்லை. பிடுங்கி அப்படியே பையன் நெஞ்சில் பிழிந்தேன். பையன் வீல் என்று கத்தியதில் திரையில் ஒன்றும் நிற்கவில்லை. அவன் அடங்கிய பிறகுதான் தெரிந்தது, நுரையீரலில் தண்ணீர் இன்னும் வற்றவில்லை. மேரி விடுவாரா?

"உங்களுக்குக் குளிக்க சுடுதண்ணி வேணும், பேபிக்கு மட்டும் ஐஸா டாக்டர்?"

காற்று லீக்

மறுநாள் காலை, கடை திறக்குமுன் குமார் மகனைப் பார்க்க வந்து நின்றார். அவர் கண்ணெதிரே பையன் நீலம் பாரித்தான். எக்ஸ்ரே வண்டியோ லிஃப்டுக்காகக் கீழ்மாடியில் காத்துக் கிடந்தது. ஸ்கேனை வைத்தேன். மூச்சுக்கு மூச்சு நுரையீரலின் ஓரம் வழுக்கி ஓட வேண்டும். இடது பக்கம் ஓடியது, வலது பக்கம் அசையவே இல்லை. காற்று வெளியே கசிந்து நுரையீரலை நசுக்குகிறது. எக்ஸ்ரேக்குக் காத்திருக்க நேரமில்லை. விலா இடுக்கில் ஊசியைச் செருகிக் காற்றை இழுத்தேன். பையன் சிவந்தான், அழுதான். நானும் கொஞ்சம் அழுதேன், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு. நடந்ததைக் குமாரிடம் விளக்கினேன்.

"லீக்குன்னா எங்க கடையில காத்து அடிப்போம். நீங்க என்ன டாக்டர், உறிஞ்சி எடுக்குறீங்க?"

திரை

மறுபடி ஸ்கேன் வைத்தேன். வலது பக்கமும் அழகாக ஓடியது. பெருமை தாங்காமல் திரையைக் குமார் பக்கம் திருப்பி, "பாருங்க, எப்படி ஓடுது!" என்றேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அந்த டிவி எனக்கு எதுக்கு டாக்டர்? அப்போலேருந்து உங்க மூஞ்சியத்தான் பார்த்துக்கிட்டு இருக்கேன், இப்பதான் அதுல ரத்தம் ஓடுது."

இத்தனை வருஷம் படித்தும், மூஞ்சியை எப்படி வைத்துக்கொள்வது என்று மட்டும் நமக்கு யாரும் சொல்லித்தரவில்லை, பாருங்கள்.