பதினைந்து குழிகளும் ஒரு கையெழுத்தும்

வேலையை விட்டு அனுப்பப்போகிற ஆளைத்தான் மேலாளர்கள் கோல்ஃப் ஆடக் கூப்பிடுவார்கள் என்று நான் நம்பினேன். ஐம்பத்தொரு வயது, பாதித் தலை வழுக்கை, படித்து முடித்த இரண்டு பிள்ளைகள். இத்தனை இருந்தும் நம்பினேன்.

காரணம் இல்லாமல் இல்லை. எங்கள் கம்பெனியின் தொழிற்சாலை பினாங்கில், பாயான் லெப்பாஸில் இருக்கிறது. ஈப்போவில் இருப்பது கிடங்கு மட்டும். அதற்கு நான் மேற்பார்வையாளன். ஆள் குறைக்கப்போகிறார்கள் என்று இரண்டு மாதமாகப் பேச்சு. போன வருடம் எங்கள் கிடங்கிலிருந்து ஒருவரைப் பினாங்குக்கு வரவழைத்து, பச்சைப் புல்லில் நடக்கவிட்டு, தேநீர் வாங்கிக் கொடுத்து, அடுத்த வாரமே கடிதமும் கொடுத்தார்கள். தேநீர் பிரமாதம் என்று அவர் இன்றும் சொல்வார். கடிதத்தைப் பற்றிப் பேச மாட்டார்.

வியாழக்கிழமை மேலாளர் ராஜரத்தினம் சார் போன் செய்தார். பினாங்கிலேயே பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணக் குடும்பத்து மனிதர். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை.

"செல்வம், சனிக்கிழமை ஃப்ரீயா? என் கிளப்புக்கு வாங்க, ஒரு ரவுண்ட் போடலாம். நீங்க ஆடுவீங்கன்னு சொன்னீங்களே."

சொன்னேன்தான். ஏதோ ஒரு கூட்டத்தில் வாய் சும்மா இருக்கவில்லை. நான் ஆடியதெல்லாம் ஈப்போவில் வலை கட்டிய பயிற்சித் திடலில். ஒரு வாளிப் பந்து எடுத்தால் அதில் பாதிக்கு என் மட்டை வந்துபோனதே தெரியாது.

என் மனைவி மங்களம் தெளிவாகச் சொல்லிவிட்டாள். "பேசாம தோத்துட்டு வாங்க. அவரை ஜெயிச்சீங்கன்னா அப்புறம் வேலையில வச்சுக்குவாரா?"

"நான் எங்கேடி ஜெயிக்கிறது?"

"அப்போ உங்களுக்கு ரொம்ப ஈசியான வேலைதானே!"

சனிக்கிழமை காலை 7.40. ஈப்போ ரயில் நிலையம். பக்கத்து வீட்டுக்காரரிடம் இரவல் வாங்கிய மட்டைப் பையுடன் மின்ரயில் ஏறினேன். பையில் ஏழாம் எண் மட்டை இல்லை. எங்கே என்று கேட்க எனக்கும் தைரியம் இல்லை, சொல்ல அவருக்கும் மனம் இல்லை. பாரிட் புந்தார் தாண்டியதும் இருபுறமும் வயல்கள். தண்ணீர் நிறுத்திய வயலில் வானம் தலைகீழாகக் கிடந்தது. அதுவும் சாம்பல் நிறம்தான். மடியில் கோல்ஃப் விதிகள். பக்கம் நான்கிலேயே மூன்று முறை தூங்கிப்போனேன். பயத்தில் தூக்கம் வராது என்பார்கள். எனக்குப் பயத்தில்தான் வரும்.

காலை 10.15. பட்டர்வொர்த்தில் இறங்கி, மேம்பாலத்தில் நடந்து, இரண்டு மலேசிய வெள்ளி கொடுத்து ஃபெர்ரியில் ஏறினேன். அக்கரையில் பினாங்குத் தீவு, ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர். வடக்கே துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் வேலை இல்லாமல் நிற்பவைபோல் தெரிந்தன. அன்று எதைப் பார்த்தாலும் எனக்கு வேலை இல்லாததுபோல்தான் தெரிந்தது. ஜார்ஜ் டவுனில் லெபோ பாசார் தெருவில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை ஒன்றில் உட்கார்ந்தேன். பன்னிரண்டு வெள்ளிச் சாப்பாடு. ரசத்தைத் தவிர எதுவும் இறங்கவில்லை.

அங்கிருந்து மைதானம் பதினான்கு கிலோமீட்டர், வாடகைக் காருக்கு இருபத்திரண்டு வெள்ளி. ஓட்டுநர் நம்மவர். பையை டிக்கியில் வைத்தபடி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கோல்ஃபா அண்ணே? பெரிய ஆளுலா நீங்க."

"பெரிய ஆளைப் பார்க்கப் போற சின்ன ஆளு."

"இன்னிக்கா போறீங்க? மலையைப் பாருங்க, மேகம் எறங்கிருச்சு. மூணு மணிக்கு மேல ஹூஜான் கொட்டப்போவுது."

மழையைத்தான் சொன்னார். எனக்கு அதுவும் கம்பெனிச் செய்தியாகவே கேட்டது.

பகல் 12.40. கிளப்பின் பெயர் வேண்டாம். மலையடிவாரத்தில், வெளியிலிருந்து பார்த்தால் காடு மாதிரி இருக்கும். உள்ளே போனால் காட்டுக்குத் தலைசீவி விட்டதுபோல் இருக்கும். விருந்தாளி தனியாக நுழைய முடியாது. உறுப்பினர் ஒருவர் கையெழுத்துப் போட்டு அழைத்துப் போக வேண்டும். காலர் வைத்த சட்டை, சட்டை கால்சட்டைக்குள். காவலர் என் சட்டையின் பின்பக்கம் வெளியே தொங்குவதைக் கண்ணால் காட்டினார். கையெழுத்துப் போட்டு என்னை உள்ளே அழைத்துப்போன சாருக்கு வேறு உலகம். வரவேற்பில் பெயர் சொல்லி வணக்கம். கேட்காமலே சர்க்கரை இல்லாத கறுப்புக் காப்பி. எந்த நாற்காலியில் உட்காருவார் என்றுகூட அங்கே தெரிந்திருந்தது. அந்த நாற்காலியில் அவர் அன்று தேவைக்கு மேல் நேரம் உட்கார்ந்திருந்ததாகப் பிறகுதான் எனக்குப் பட்டது.

வழக்கமாக நான்கு பேர் சேர்ந்து ஆடுவார்கள். அன்று நாங்கள் இருவர்தான். மட்டைகளைப் பார்த்துக்கொள்ள லெட்சுமி அக்கா வந்தார். அங்கே பல வருடம் பழகியவர். பக்கி என்கிற மின்வண்டியை ஒரு கையால் ஓட்டுவார்.

பகல் 1.10. முதல் அடி. என் பந்து பத்தடி உருண்டு நின்றது. மரத்திலிருந்த குரங்கு ஒன்று மரியாதையாகத் தலையைத் திருப்பிக்கொண்டது.

"பரவால்ல அண்ணே, நேராத்தான் போயிருக்கு," என்றார் லெட்சுமி அக்கா.

இரண்டாம் பந்து காட்டுக்குள் போனது. மூன்றாவதும் அதைத் தேடிக்கொண்டு போனது.

நடக்க நடக்க சார் பேச்சுக் கொடுத்தார். "பிள்ளைகள் படிச்சு முடிச்சாச்சா, செல்வம்?"

"முடிச்சாச்சு சார்." சொன்ன பிறகுதான் ஆபத்து உறைத்தது. "இல்ல சார், சின்னவன் மேல படிக்கப்போறான் சார். நிறைய வருஷம் படிப்பான் சார்."

"ம்." கொஞ்ச தூரம் போனதும், "ஈப்போ பக்கம் இந்த வயசுல வேற வேலை கிடைக்குமா? சும்மாதான் கேட்கிறேன்."

மட்டையைக் கீழே ஊன்றி நின்றேன். "யாரும் எடுக்க மாட்டாங்க சார். கண்டிப்பா எடுக்க மாட்டாங்க."

அவர் மட்டையைத் துடைத்துப் பையில் போட்டுவிட்டு முன்னால் நடந்தார்.

ஏழாம் குழியில் விபரீதம் நடந்தது. கண்ணை மூடிக்கொண்டு அடித்த பந்து பறந்துபோய்க் குழியில் நட்ட கொடிக்கு நான்கடி தள்ளி உட்கார்ந்தது. மங்களத்தின் முகம் கண்முன் வந்தது. அடுத்த அடியை வேண்டுமென்றே வலப்பக்கம் தள்ளினேன். தரை சரிந்திருந்ததால் பந்து வளைந்து வந்து குழிக்குள் விழுந்தது.

"ஆடத் தெரியாத மாதிரி நடிச்சீங்களா அண்ணே?" என்று லெட்சுமி அக்கா கை தட்டினார்.

எனக்கு வியர்த்தது. இதைச் சரிக்கட்டியாக வேண்டும். வழி கையிலேயே இருந்தது. கோல்ஃபில் குறைந்த அடிகளில் முடிப்பவர்தான் ஜெயிப்பவர்; ஆனால் உங்கள் அடிகளை நீங்கள் எழுதுவதில்லை. கூட ஆடுபவர் உங்கள் அட்டையில் எழுதுவார். அவருடையதை நீங்கள் எழுதுவீர்கள். கடைசியில் சரிபார்த்து இருவரும் கையெழுத்திடுவீர்கள். சாரின் அட்டை என்னிடம் இருந்தது. எட்டாம் குழியில் அவர் அடித்தது ஆறு. ஐந்து என்று எழுதினேன். பத்தில் ஒன்று, பன்னிரண்டில் ஒன்று, பதினான்கில் ஒன்று. நான்கு அடிகள். கிடங்கில் இருபத்தாறு வருடம் ஒரு திருகாணியைக்கூடக் கூட்டியோ குறைத்தோ எழுதாதவன் நான்.

மாலை 4.05. பதினைந்தாம் குழியை முடித்தபோது சங்கு ஒலித்தது. இடி மின்னல் நெருங்கினால் நீளமாக ஊதுவார்கள். யாராக இருந்தாலும் அந்த நிமிடமே ஆட்டத்தை நிறுத்த வேண்டும். பக்கியில் விரைந்து ஓரத்துக் கொட்டகைக்குள் ஒதுங்கினோம். மழை வந்த வேகத்தில் மலை காணாமல் போனது. பெஞ்சில் மூவரும் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். கூரைத் தகரம் பேசவிடவில்லை. சற்றுக் குறைந்ததும் சார் கையை நீட்டினார்.

"அட்டையைக் குடுங்க, பார்ப்போம்."

கொடுத்தேன். விரலை ஒவ்வொரு கட்டமாக வைத்துப் போனார். எட்டில் நின்றது. பத்தில் நின்றது.

"எட்டுல நான் ஆறு அடிச்சேன் செல்வம். ஐந்து போட்டிருக்கீங்க."

"அப்படியா சார்? கவனிக்கல சார்."

"நாலு இடத்துல கவனிக்கலையா?"

லெட்சுமி அக்கா மழையைப் பார்க்க எழுந்து போய்விட்டார். நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. வேலை, குடும்பம், மன்னிப்பு என்று வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். அவர் என்னையே விளங்காமல் பார்த்தார். பிறகு விளங்கியது.

"ஓ... உங்களை அனுப்பப்போறேன்னு நினைச்சீங்களா?"

தலையாட்டினேன்.

"பட்டியல்ல இருக்கிறது நான். புதன்கிழமையே சொல்லிட்டாங்க. இந்த மெம்பர்ஷிப்பும் கம்பெனியோடது, பேர்தான் என்னோடது. திங்கட்கிழமை திருப்பிக் குடுக்கணும். அதுக்கு முந்தி ஒரு ரவுண்ட் ஆடிடலாம்னு பார்த்தேன்." பென்சிலை எடுத்து நான்கு எண்களையும் திருத்தினார். "கடைசி அட்டை. சரியா இருக்கட்டும்."

கையெழுத்திட்டுப் பென்சிலை என்னிடம் தந்தார். நானும் கையெழுத்திட்டேன்; என் பெயரே எனக்கு அடையாளம் தெரியவில்லை.

"ஆபீஸ்ல நாலு பேரைக் கூப்பிட்டேன்," என்றார் மழையைப் பார்த்தபடி. "எல்லாருக்கும் விஷயம் எட்டியிருக்கும் போல. ஒருத்தருக்கு மாமியார் வந்துட்டாங்க, ஒருத்தருக்குக் கார் சர்வீஸ். மத்த ரெண்டு பேரும் போனையே எடுக்கல. நீங்க ஒருத்தர்தான் அவ்வளவு தூரத்துலேர்ந்து வந்தீங்க."

பயந்துதான் வந்தேன் என்பதை அவர் கேட்டுத் தெரிந்துகொண்டு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. இருந்தும் அப்படிச் சொன்னார். ஈரமான என் சட்டையைக் கால்சட்டைக்குள் இழுத்துச் செருகிக்கொண்டேன்.

மாலை 5.20. மழை நின்றது, ஆனால் அன்றைக்கு மைதானம் மூடப்பட்டுவிட்டது. பதினெட்டில் மிச்சம் மூன்று குழிகள் அப்படியே கிடந்தன. தன் மட்டைப் பையில் தொங்கிய பெயர் அட்டையைக் கழற்றி வரவேற்பு மேசையில் வைத்தார் சார். அங்கிருந்த பெண் வழக்கம்போல், "அடுத்த சனிக்கிழமை அதே நேரமா சார்?" என்று கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே தலையசைத்தார். ஆமாம் என்றா, இல்லை என்றா, அவளுக்கும் புரிந்திருக்காது.

லெட்சுமி அக்கா வாசல்வரை வந்தார். "என்ன சார், இன்னிக்கு ரொம்ப சைலண்ட்? அந்த அண்ணே தோத்ததுக்கு நீங்க ஏன் சோகமாயிட்டீங்க?" என்றார். அவருக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

ஃபெர்ரியில் திரும்பும்போது தீவின் விளக்குகள் ஒவ்வொன்றாய் ஏற்றப்பட்டுக்கொண்டிருந்தன. மங்களம் போன் செய்து, "தோத்தீங்களா?" என்று கேட்டாள். தோற்றேன் என்றேன். "அப்பாடா!" என்றாள்.

நடந்தது இவ்வளவுதான். சனிக்கிழமை நாங்கள் பதினைந்து குழிகள் ஆடினோம். அவர் எழுபத்தொன்று, நான் நூற்றேழு. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு நான் ஈப்போவில் கிடங்கைத் திறந்தேன். பினாங்கில் அவர் மேசையைக் காலி செய்தார்.